பழைய அலமாரிக் கதவுக்கு சாஃப்ட் குளோஸ்: தாம்வே தங்கச்சிக்கு ஒரு நீளமான பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ரங்கூனில் தாம்வே பகுதியில் உங்கள் வீட்டில் ஆறு வருடத்துக்கு முன் போட்ட சமையலறை அலமாரி, எல்லாம் பிளைவுட், கதவு பன்னிரண்டு. கூடத்தில் மாமனார் காலத்துத் தேக்குப் புத்தக அலமாரி, அதில் கண்ணாடிக் கதவு இரண்டு. எல்லாமே டப் டப்பென்று அடிக்கிறது, மாமியார் மத்தியானம் கண் அசந்தால் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறார். வந்து பார்த்த லெத்தமா (தச்சரைப் பர்மியர் அப்படித்தான் சொல்வார்கள்), கதவையெல்லாம் கழற்றிப் புதிதாகச் செய்தால்தான் சாஃப்ட் குளோஸ், அதாவது கதவு அறையாமல் மெதுவாக மூடுகிற சாமான், வைக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையா என்பது கேள்வி.

சமையலறை விஷயத்தில் உண்மை இல்லை. ஒரு கதவைக்கூட மாற்ற வேண்டாம், பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். தேக்கு அலமாரியிலும் சத்தத்தை நிறுத்தலாம், ஆனால் அதற்கு வழி வேறு. அதில் டிரில்லை வைக்கும் முன் நான் எழுதுவதைக் கடைசி வரை படித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த மாதிரி அலமாரி இரண்டு என் கண்ணெதிரே கெட்டுப்போயிருக்கிறது, ஒன்றில் என் கையும் உண்டு.

முதலில் இந்த சாஃப்ட் குளோஸ் என்பது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, மெதுவாக அமுக்கிப் பாருங்கள், சுலபமாகப் போகும். வேகமாக அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும், ஆனாலும் தண்ணீர் தன் போக்கில்தான் வெளியே வரும். டேம்பர் என்கிற அந்தச் சின்னக் குழாய்க்குள் நடப்பதும் அதுதான். உள்ளே சிலிக்கோன் எண்ணெய், நடுவே ஒரு பிஸ்டன், எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக மெல்லிய சந்து. கதவு எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு பலமாக அது எதிர்க்கும். மெதுவாக வந்தால் ஒன்றும் செய்யாது. ஆக அது ஒரு பிரேக். கதவை இழுத்து மூடுகிற வேலை அதற்குத் தெரியாது. இழுப்பது வேறு ஒன்று, உங்கள் சமையலறையில் அது கீலுக்குள் இருக்கிற ஸ்பிரிங். இது புரியாமல்தான் பாதிப் பேர் டேம்பரை வாங்கி வந்து ஒட்டிவிட்டு, "அண்ணே, கதவு ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கிறதே" என்று போன் பண்ணுகிறார்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு கதவிலும் ஒரு சோதனை. கதவை உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். தானாக ஓடிப்போய் மூடிக்கொண்டால் ஸ்பிரிங் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது, பிரேக் மட்டும் சேர்த்தால் போதும். நின்ற இடத்திலேயே நின்றால் ஒன்று ஸ்பிரிங் செத்துவிட்டது, அல்லது ஸ்பிரிங்கே இல்லாத பழைய மாதிரிக் கீல். சமையலறைக் கதவுகள் மூடும், தேக்குக் கதவு நிற்கும் என்று இங்கிருந்தே சொல்வேன்.

இப்போது சமையலறை. கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், கதவில் வட்டமாகக் குழி தோண்டி, அதில் ஒரு உலோகக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். இதைத்தான் நான் கிண்ணக் கீல் என்று சொல்கிறேன். கடையில் பர்மிய வார்த்தையில் பத்தா என்று கேட்டால் எல்லாக் கீலையும் எடுத்துப் போடுவார்கள், கையால் வட்டம் காட்டினால் சரியானதைத் தருவார்கள். இந்தக் கிண்ணத்தின் குறுக்களவு எல்லாக் கம்பெனிக்கும் அநேகமாக 35 மி.மீ. தான். பாதி வேலை சுலபமாவது அதனால்தான்: உங்கள் கதவில் குழி ஏற்கெனவே இருக்கிறது, டேம்பர் உள்ளேயே வைத்த புதுக் கீல் அதே குழியில் உட்காரும். பழையதைக் கழற்று, புதியதை வை, அவ்வளவுதான். ஆஸ்திரியாவில் புளூம் என்ற கம்பெனி 2001இல் இந்த மாதிரி மெத்தென்று மூடுகிற சாமானைச் சந்தைக்குக் கொண்டு வந்தது (அந்தக் கம்பெனி 1952இல் தொடங்கியபோது குதிரை வழுக்காமல் இருக்க லாடத்தில் பொருத்துகிற குமிழ் செய்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்), அப்புறம் எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எல்லை ஊரான மூசே வழியாக வருகிற சீனக் கீலிலும் டேம்பர் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் குழி ஒன்றுதான் என்பதற்காக எந்தக் கீலும் எதிலும் பொருந்திவிடாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்க்ரூத் துளைகளின் நடு மையத்திலிருந்து நடு மையம் வரை தூரம். புளூமில் 45 மி.மீ., ஹெட்டிச்சில் 52, சீனத்தில் நிறைய 48. ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே அளவு கிடைத்தால் பழைய துளையிலேயே ஸ்க்ரூ போய்விடும். கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது, புதிதாக இரண்டு சின்னத் துளை போட வேண்டும், அவ்வளவுதான். 45க்கும் 48க்கும் இடையில்தான் தொல்லை, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. வித்தியாசம், புதுத் துளை பழைய துளைக்குள் வழுக்கி விழும். பழைய துளையில் பசை தடவிய மூங்கில் பல்குத்தியைத் திணித்து, காய்ந்ததும் தட்டையாக வெட்டிவிட்டு அப்புறம் துளை போடுங்கள்.

இரண்டாவது, கீலின் கை, அதாவது கிண்ணத்திலிருந்து பெட்டிப் பக்கம் நீளுகிற பாகம், அதன் வளைவு. கதவு மூடியிருக்கும்போது பெட்டியின் பக்கப் பலகை விளிம்பை முழுக்க மறைக்கிறதா, பாதி மறைக்கிறதா, அல்லது கதவு பெட்டிக்கு உள்ளே அமர்கிறதா என்று பாருங்கள். முழுக்க மறைத்தால் நேர்க் கை, பாதி என்றால் கொஞ்சம் வளைந்த கை, உள்ளே அமர்ந்தால் நன்றாக வளைந்த கை. ஒரே நடுப் பலகையை இரண்டு கதவுகள் பங்கு போட்டுக்கொள்கிற இடத்தில்தான் பாதி மறைப்பு வரும். பன்னிரண்டு கதவு என்கிறீர்கள், கண்டிப்பாக இரண்டு வகையும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கீல் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, பெட்டியில் அறைந்திருக்கிற தட்டு, கீலின் கை அதன்மேல்தான் மாட்டும். புதுக் கீல் தன் தட்டோடுதான் வரும், பழைய தட்டில் மாட்டப் பார்க்காதீர்கள், அது கிளிக் என்று உட்கார்ந்தாலும் நம்பாதீர்கள். நல்ல வேளையாகத் தட்டின் இரண்டு துளைக்கும் நடுவே 32 மி.மீ., முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. என்பது பெரும்பாலும் எல்லாரும் பின்பற்றுகிற கணக்கு, அதனால் பழைய துளைகளே உதவும் வாய்ப்பு அதிகம். உங்கள் லெத்தமா ஸ்கேல் வைக்காமல் கண் மதிப்பில் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

எத்தனை வாங்குவது? மேல் அலமாரிக் கதவுகள் இரண்டரை அடிக்குள் இருந்தால் கதவுக்கு இரண்டு கீல், அது ஆறு கிலோ வரைக்கும் தாங்கும். மூன்றடிக்கு மேல் போனால் மூன்று. இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்: மெல்லிய சின்னக் கதவுக்கு இரண்டு கீலிலும் டேம்பர் இருந்தால் பிரேக் அதிகமாகிவிடும், கதவு கல்யாண ஊர்வலம் மாதிரி நகரும், சில சமயம் நடுவிலேயே நின்றும்விடும். நல்ல கீல்களில் கிண்ணத்தின் மேலேயே டேம்பரை நிறுத்துகிற சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளி ஒன்றில் பிரேக்கை எடுத்துவிடலாம். அது இல்லாத மலிவு வகையானால், அதே கம்பெனியின் டேம்பர் இல்லாத கீல் ஒன்றும், டேம்பர் உள்ளது ஒன்றும் வாங்கிப் போடுங்கள். கம்பெனி மட்டும் மாறக் கூடாது. ஒவ்வொருவர் கீலும் கதவைச் சுழற்றுகிற பாதை கொஞ்சம் வேறு, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் போட்டால் இரண்டும் கதவை வேறு வேறு திசையில் இழுத்து, ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும்.

கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து ஒரு கீலைக் கையில் எடுத்து மூடிப் பாருங்கள். விரலை நடுவில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் நறுக்கென்று கடிக்கும், எனக்கு நகமே கறுத்திருக்கிறது. நல்லது கடைசிப் பாகத்தில் ஒரே சீராக மெதுவாகப் போகும். முதலில் சடாரென்று போய் அப்புறம் பிடித்தால் உள்ளே காற்று இருக்கிறது. டேம்பரின் தண்டு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இன்றைக்கு ஒரு சொட்டு என்றால் இரண்டு மாதத்தில் முழுக்க வெளியே வந்துவிடும், அப்புறம் அது வெறும் கீல்.

மாட்டும் முறை பெரிய வித்தை இல்லை. ஒரே நேரத்தில் ஒரு கதவு, முடித்துவிட்டுத்தான் அடுத்தது. கழற்றும்போது கீழ்க் கீலை முதலில், மேல் கீலைக் கடைசியில், இல்லாவிட்டால் கதவு தலைகுப்புற வரும். தம்பி யாராவது கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். கதவுக்குப் போகிற ஸ்க்ரூ 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. நீளம் இருக்கலாம், அதைவிட மெல்லிய கதவானால் 13க்கு மேல் போகாதீர்கள், முன்பக்கம் மூக்கை நீட்டிவிடும். மாட்டிய பிறகு கீலின் கையில் இருக்கிற ஸ்க்ரூக்களைத் திருகிச் சரி செய்ய வேண்டும்: ஒன்று கதவை இடம் வலமாக நகர்த்தும், ஒன்று முன் பின்னாக, தட்டில் இருப்பது மேல் கீழாக. எல்லாம் இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குத்தான். பக்கத்துக் கதவோடு உரசினால் டேம்பர் என்ன பண்ணும், கதவு பாதியில் மாட்டிக்கொள்ளும், உடனே "சாமான் சரியில்லை" என்பீர்கள். கதவில் ஏற்கெனவே காந்தம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கடைசி நொடியில் அது வெடுக்கென்று இழுத்து டக் என்று சத்தம் போடும், பிரேக் போட்டதே வீண். அமுக்கித் திறக்கிற மாதிரிக் கதவு ஏதாவது இருந்தால் அதில் சாஃப்ட் குளோஸ் வைக்க ஆசைப்படாதீர்கள், ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும், இரண்டும் ஒத்துப்போகாது.

கிண்ணக் குழியே இல்லாத கதவில் புதிதாகத் தோண்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முடியும், 35 மி.மீ. வட்ட பிட் வேண்டும், குழியின் ஓரத்துக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. விட வேண்டும், ஆழம் கிண்ணத்தைப் பொறுத்து 12, 13 மி.மீ. ஆனால் அந்த பிட்டுக்கு நடுவில் ஒரு முள் இருக்கிறது, அது பல்லைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். என் சொந்த வீட்டில், என் சம்சாரத்தின் சமையலறையில், 16 மி.மீ. கதவில் நான் ஆழத்தை மட்டும் கணக்குப் பார்த்து, முள்ளை மறந்து, மின்சாரம் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓட்டினேன். மரத்தூள் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது, திடீரென்று அதில் கதவின் முன்பக்க லேமினேட் நிறம், பச்சையாக, ஒரு துணுக்கு. நிறுத்திப் புரட்டிப் பார்த்தால் முன்னால் மிளகளவு ஓட்டை. அந்த இடத்தில் இன்றைக்கும் காலண்டரிலிருந்து வெட்டிய முருகன் படம் ஒட்டியிருக்கிறது, வருகிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிட்டின் பக்கத்தில் டேப் சுற்றி ஆழத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், முள்ளை பைலால் கொஞ்சம் மழித்தாலும் தப்பில்லை.

கீலை மாற்றாமல் டேம்பரை மட்டும் சேர்க்கிற வழியும் இருக்கிறது, இரண்டு விதம். சில கம்பெனிக் கீல்களின் கையின் மேலேயே சொடுக்கி மாட்டுகிற டேம்பர் வரும், அது அந்தக் கம்பெனியின் குறிப்பிட்ட கீலுக்கு மட்டும்தான், உங்களிடம் அதே கீல் இருந்தால் கதவுக்கு ஒரு நிமிட வேலை. இன்னொன்று தனிக் குழாய், பேனா மூடி அளவு, அதைப் பெட்டியின் பக்கப் பலகை விளிம்பில் 10 மி.மீ. துளை போட்டுச் செருகலாம், அல்லது ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்து உள்பக்கம் ஸ்க்ரூ பண்ணலாம். மலிவு, எந்தக் கீலுக்கும் ஒத்துவரும், வாடகை வீட்டுக்காரர்களுக்கு நல்லது.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். இந்தக் குழாயின் தண்டு ஒரு செ.மீ. அளவுக்குத்தான் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, கைப்பிடிப் பக்கம் வைத்தால், அந்த ஒரு செ.மீ. என்பது கதவின் சுழற்சியில் ஒன்றரை டிகிரிகூட இல்லை. கதவு முழு வேகத்தில் வந்து கடைசி ஒரு செ.மீ.யில் பிரேக் போடுகிறது. கீலிலிருந்து 6 செ.மீ.யில் வைத்தால் அதே தண்டு ஒன்பது டிகிரிக்கு மேல் பிடிக்கும், கதவின் ஓரத்தில் பார்த்தால் ஆறு, ஏழு செ.மீ. தூரம் மெதுவாக வரும், பார்க்கவே அழகு. ஆனால் கீல் பக்கத்தில் இருந்து கனமான கதவை நிறுத்துவது என்பது தாழ்ப்பாள் பக்கம் தள்ள வேண்டிய கதவைக் கீல் பக்கம் தள்ளுகிற மாதிரி, பலம் பத்தாது. அதனால் லேசான கதவுக்குக் கீல் பக்கம், கனமான கதவுக்கு நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, அல்லது மேலே ஒன்று கீழே ஒன்று. முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று இடம் மாற்றிப் பார்த்து, பிடித்த இடத்தில் ஸ்க்ரூ போடுங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் சமையலறைக்குக் கீலையே மாற்றுவதுதான் சரி. ஆறு வருடக் கீல், ரங்கூன் மழை, அடுப்பு ஆவி, ஸ்பிரிங் எப்படியும் தளர ஆரம்பித்திருக்கும், அதற்கு மேல் பிரேக் வேறு போட்டால் மூடாமல் நிற்கும்.

சரி, தேக்கு பீரோவுக்கு வருவோம். (பர்மியரும் பீரோ என்றுதான் சொல்கிறார்கள், நாக்கு மட்டும் கொஞ்சம் புரளும். வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் இரண்டு மொழியும் பங்கு போட்டுக்கொண்ட சொல் அது.) அதில் இருப்பது இரண்டு பித்தளைத் தகடும் நடுவில் ஒரு ஊசியும் உள்ள பழைய பட்டைக் கீல். ஸ்பிரிங் கிடையாது. உங்களுக்குச் சிலர் சொல்வார்கள், அதிலும் 35 மி.மீ. குழி தோண்டிக் கிண்ணக் கீல் போட்டுவிடலாம் என்று. போடாதீர்கள். அந்தக் கதவின் சட்டம் இரண்டு அங்குல அகலம் இருந்தால் அதிகம், அதன் மூலைகளில் கழுந்து, அதாவது ஒரு சட்டத்தை இன்னொன்றோடு பிணைக்கிற மர நாக்கு, உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. கீலுக்கான குழி சரியாக அந்தக் கழுந்தைத்தான் அறுக்கும். நான் சொன்னேனே, ஒன்றில் என் கையும் உண்டு என்று, அது காளி கோயில் பக்கம் ஒரு மாடி வீட்டில், வீட்டுக்காரர் வற்புறுத்தினார், நானும் சின்ன வயது, தோண்டினேன். அடுத்த மழைக்காலத்தில் மேல் மூலை வாயைத் திறந்துவிட்டது. அந்த மாதிரி மரம் இனி எங்கே கிடைக்கும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கண்ணாடியை உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சட்டத்தைத் தட்டுங்கள். கையை எடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். இரண்டாவது தடவை கடகடவென்று கேட்டால் பாதிச் சத்தம் கண்ணாடியுடையது. கண்ணாடியைப் பிடித்திருக்கிற மெல்லிய மரப் பட்டி காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது புட்டி உதிர்ந்திருக்கும். அந்தப் பட்டியை மெதுவாக நெம்பி எடுத்து, கண்ணாடி ஓரத்தில் நாலைந்து இடத்தில் நிறமில்லாத சிலிக்கோன் பொட்டு வைத்து, திரும்ப அறைந்துவிடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு மாமியாரிடம் கேட்டால் அவரே பரவாயில்லை என்று சொல்லக்கூடும்.

அடுத்தது, இழுப்பதற்கு ஒன்று வேண்டுமே. அந்தக் காலத்து ஆசாரிகள் அதற்கு ஸ்பிரிங் தேடவில்லை, பூமியையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அலமாரி ஒரு நூலளவு பின்னால் சாய்ந்திருந்தால், திறந்த கதவு தன் பாரத்தாலேயே உள்பக்கம் ஓடும். முன்னால் சாய்ந்திருந்தால் திறந்துகொண்டு வெளியே வரும். உங்கள் கட்டடம் பழசு என்றால் தரை மட்டமாக இருக்காது, அதுதான் கதவு ஒரு நாள் அறைவதற்கும் ஒரு நாள் திறந்து கிடப்பதற்கும் காரணமாக இருக்கலாம். முன் கால்கள் இரண்டுக்கும் அடியில் 3 மி.மீ. மரச் சீவல் வையுங்கள். ஓரடிக்குச் சற்று மேல் ஆழமுள்ள அலமாரியில் அது அரை டிகிரி சாய்வு. கதவு சோம்பேறித்தனமாக மூடும், அறையாது. அலமாரி முன்னால் கவிழும் பயமும் குறையும், புத்தகக் கனம் சாதாரணமில்லை.

கதவு வந்து மோதுகிற இடத்தில், கைப்பிடிப் பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றும், மெத்தை வைக்க வேண்டும். கடையில் ஃபெல்ட் என்கிற மெத்தென்ற துணியில் ஒட்டுப் பொட்டு விற்கிறார்கள். நான் என் வீட்டு அலமாரிக்குப் பழைய வெல்வெட் செருப்பின் வாரை வெட்டி வைத்திருக்கிறேன், மண்டலேயில் வாங்கிய சிவப்புச் செருப்பு, தேய்ந்தபின் தூக்கிப்போட மனமில்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது, ஏழு வருடமாக இருக்கிறது. ஒட்டும்போது இதைக் கவனியுங்கள்: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, ஒட்டுப் பொட்டு ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். மரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டு என்று சொல்வார்கள், புது மரத்துக்கு அது சரி. ஆனால் மாமனார் காலத்து அலமாரியில் பாலிஷ் அரக்கில் செய்ததாக இருந்தால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும், வெள்ளைத் தழும்பு விழும். கண்ணுக்குத் தெரியாத உள் விளிம்பில் கொஞ்சம் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், பஞ்சு பழுப்பானால் ஸ்பிரிட் வேண்டாம், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பசை போட்டு ஒட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இயந்திரம்தான் வேண்டும் என்றால் கூட்டில் வைக்கிற குழாய் டேம்பரை மேல் பலகையின் அடியில், கீலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டு சின்ன ஸ்க்ரூவில் மாட்டலாம், பின்னால் எடுத்தாலும் தழும்பு பெரிதாக இருக்காது. ஆனால் அந்தத் தண்டுக்குள் திரும்பி வருவதற்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது, அது கதவை வெளியே தள்ளும். கிண்ணக் கீலில் இது தெரியாது, அங்கே இழுக்கிற ஸ்பிரிங் பலசாலி. பட்டைக் கீலில் கதவு ஒரு விரல் திறந்து நிற்கும். நான் என் அலமாரியில் மாட்டிப் பார்த்து, காந்தத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கதவு மூடியது, ஆனால் திறக்கக் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிட்டேன். ஸ்க்ரூ போடத்தான் போகிறீர்கள் என்றால் தேக்கில் முன்துளை இல்லாமல் போடாதீர்கள். பித்தளை ஸ்க்ரூ முறுகி உடையும், முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவைச் சோப்பு தடவி ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டு, அப்புறம் பித்தளையைப் போடுங்கள்.

மழை பற்றி ஒன்று. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை நம் ஊரில் மரம் ஊதியே இருக்கும். ஜூலையில் கதவு உரசுகிறது என்று இழைப்புளியை எடுக்காதீர்கள், ஜனவரியில் இடைவெளி பல்லிளிக்கும். தேக்கு அவ்வளவாக அசையாது, பிளைவுட்டும் பரவாயில்லை, மரத்தூள் பலகைதான் மோசம், அதில் கீல் ஸ்க்ரூ மாவில் குத்தியது போல் ஆகிவிடும். தொட்டி மேல் அலமாரிக்கும் அடுப்பு மேல் அலமாரிக்கும் துருப்பிடிக்காத 304 வகைக் கீல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், மற்ற இடத்துக்குச் சாதாரண நிக்கல் பூச்சு போதும். கடைக்காரர் காந்தத்தை வைத்து "ஒட்டவில்லை பாருங்கள், 304" என்பார். மலிவான 201 வகையிலும் காந்தம் ஒட்டாது, அந்த வித்தையை நம்ப வேண்டாம்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறையப் பேர் கேட்கிறார்கள், சாஃப்ட் குளோஸ் போட்டால் குலுங்கும்போது கதவு திறக்காதா என்று. திறக்கும். அது தாழ்ப்பாள் வேலை செய்யாது. மேல் அலமாரியில் பீங்கான் வைத்திருந்தால் தனியாகக் கொக்கி போடுங்கள், பழைய தேக்கு அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டியே வையுங்கள்.

இழுப்பறை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். அதில் டேம்பர் சேர்ப்பதை விட ஓடுபட்டையையே மாற்றுவது லேசு, பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி விட்டுச் செய்த பெட்டியானால் மூடிய நீளத்தை அளந்து அதே நீளத்தில் சாஃப்ட் குளோஸ் பட்டை வாங்கிப் போட்டுவிடலாம்.

புதுக் கீல் மாட்டியதும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள், கதவைத் தொட்டு விட்டுவிட வேண்டும், இடுப்பால் தள்ளி மூடக் கூடாது. டேம்பர் பிடித்திருக்கும்போது தள்ளினால் உள்ளே இருக்கிற அடைப்பு சீக்கிரம் போய்விடும். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்காது, வேலைக்கு வருகிற பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

நாளைக்கே கடைக்குப் போகிறீர்கள் என்றால், முழுக்க மறைக்கிற கதவிலிருந்து ஒரு கீல், பாதி மறைக்கிற கதவிலிருந்து ஒரு கீல், இரண்டையும் கழற்றித் தட்டோடு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கீழ்க் கீலாகப் பார்த்துக் கழற்றுங்கள், மேல் கீல் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு கதவையும் நீங்கள் வருகிற வரை யாரும் திறக்காமல் டேப் ஒட்டி வையுங்கள்.